தாடிக்காரர் போட்ட கோணல் கோடு

டீ-ஷர்ட்டில் படம் அச்சடிக்கும் பிரிண்டிங் பட்டறையில் என்னைப் போன்றவர்களுக்கு ஆர்ட்டிஸ்ட் என்று பெயர். வேலையோ, அடுத்தவர் போட்ட கோட்டைச் சுத்தம் செய்வது. துணி வாங்கும் வெளிநாட்டு பையர் அனுப்பும் படத்தைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, பிசிறு நீக்கி, அச்சுக்கு ஃபிலிம் எடுக்கத் தோதாகத் திரும்ப வரைய வேண்டும். இதே வேலையில் கண்ணைக் கெடுத்துக்கொண்டவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து விலங்கியல் பட்டத்தோடு வந்து, அனுப்பர்பாளையத்தில் ஆறு வருடம் இதைச் செய்தேன். எங்கள் டிசைன் மாஸ்டர் தனிக் கம்பெனி தொடங்கப் போனதும் அவர் நாற்காலி காலியானது. "இந்த ஆர்டர் பாஸாகட்டுங்க அம்மணி, அப்பறம் நீங்கதான் மாஸ்டர்" என்றார் முதலாளி.

பரிணாமக் கொள்கையைச் சொன்ன அந்தத் தாடிக்காரரின் இருநூறாவது பிறந்த நாளுக்கு வெளிநாட்டு மியூசியம் ஒன்று கேட்ட டீ-ஷர்ட்டுகள்தான் ஆர்டர். பட்டறையில் அவரைப் பற்றிப் படித்தவள் நான் ஒருத்திதான். படித்த படிப்பு ஒருநாளாவது சோறு போடப்போகிறது என்று நம்பினேன்.

தாடி

முதல் டிசைன் அவர் முகம். தாடியின் மயிர் ஒவ்வொன்றும் தனியாகத் தெரிய நாலு நாள் வரைந்தேன். டேபிளில் பிரிண்ட் போடும் பழனிச்சாமி அண்ணன், முதல் பீஸ் காய்ந்ததும் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, எந்த ஊர்ச் சாமியார் என்று கேட்டார். சாமியார் இல்லை, புத்தகம் எழுதியவர். புழு, குருவி, மனிதன் எல்லாமே ஒரே வேரில் கிளைத்த சொந்தம் என்றவர் என்று சொன்னேன். அண்ணன் முதலாளி அறைப் பக்கம் ஒரு தடவை பார்த்துக்கொண்டார்.

"அப்ப நானும் மொதலாளியும் பங்காளிங்களா? நீங்களே அவருகிட்டச் சொல்லிப் பாருங்க."

வரிசை

அடுத்தது, குரங்கு மெல்ல நிமிர்ந்து மனிதனாகும் ஐந்து உருவ வரிசை. குழந்தைகள் சைஸில் இடம் போதவில்லை. நடுவில் இரண்டு பேரை எடுத்துவிடச் சொன்னார், ஆர்டரைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசர். எனக்குச் சுருக்கென்றது. "அவர் வரிசைன்னு சொல்லவே இல்ல சார், கிளை கிளையாப் பிரியிற மரம்னுதான் சொன்னார். இருக்கிற தப்பு போதாதா?" என்றேன். அவர் அளவு டேப்பைச் சுருட்டிக்கொண்டே பதில் சொன்னார்.

"சின்னக் கொழந்தைக்கு அவ்வளவு வெவரம் எதுக்குங்க? கொரங்கும் மனுசனும் இருந்தாப் போதுமுங்க."

மரம்

கடைசி டிசைன்தான் என் தலையில் விடிந்தது. அவர் தன் நோட்டில் கிறுக்கிய அந்த மரமேதான், சின்னப் படமாக வந்திருந்தது. நெஞ்சளவுக்குப் பெரிதாக்கி வரைய வேண்டும். கோடெல்லாம் நடுக்கம். மேலே, தான் இப்படி நினைப்பதாக ஆங்கிலத்தில் இரண்டே சொல். கை பழகிய பழக்கத்தில் சுத்தம் செய்துவிட்டேன். கிளைகளை ஒரே தடிமனாக்கி, கோணலை நேராக்கி, கையெழுத்தை அழகான ஃபாண்ட்டுக்கு மாற்றினேன். பட்டறையே மெச்சியது. ஒரு மனிதர் தயங்கித் தயங்கி யோசித்த தடத்தை, அவரைப் படித்த நானே துடைத்துவிட்டேன் என்பது எனக்கு உறைக்கவில்லை. பையர் சார்பில் சாம்பிள் பார்க்கச் சென்னை பையிங் ஆபீஸிலிருந்து வந்த அம்மாள் சாம்பிளை விரித்துப் பார்த்தார், மடித்து வைத்தார்.

"கோடெல்லாம் செத்துப்போச்சேம்மா. அவர் யோசிச்ச இடமெல்லாம் எங்க போச்சு?"

நாற்காலி

வெட்கமாக இருந்தது. மூன்று நாள் தாடிக்காரரின் கோட்டு நடுக்கத்தை மனப்பாடம் செய்தேன். எந்த இடத்தில் கை நின்றது, எங்கே மறுபடி கிளம்பியது என்று பார்த்துப் பார்த்து, மவுஸை விட்டுவிட்டுக் காகிதத்தில் பேனாவால் வரைந்தேன். அது முதல் பார்வையிலேயே பாஸானது. ஆறு வருடத்தில் நான் உண்மையாக வரைந்தது அது ஒன்றுதான்.

அடுத்த வாரம் மாஸ்டர் நாற்காலியில் மும்பையிலிருந்து வந்த ஒருவர் உட்கார்ந்திருந்தார். ஆர்டர் பாஸாகிவிட்டதே என்று முதலாளியிடம் போய் நின்றேன். அன்று பட்ட எரிச்சல் இன்றுவரை ஆறவில்லை. அவர் என்னுடைய இரண்டு ஃபிலிமையும், நேர் மரத்தையும் கோணல் மரத்தையும், ஜன்னல் வெளிச்சத்தில் பக்கத்தில் பக்கத்தில் பிடித்துக் காட்டினார்.

"பையருக்குப் புடிச்சுப்போச்சுங்க, செரி. அதுக்காவ இப்படிக் கோணக்கோடு போடறவங்கள மாஸ்டராக்க முடியுங்களா அம்மணி?"

கோணல் கோட்டுக்கு மரியாதை கிடைக்க வேண்டுமென்றால், அதைப் போட்டவர் பிறந்து இருநூறு வருடமாவது ஆகியிருக்க வேண்டும் போலிருக்கிறது.