ட்ரெய்லருக்கு ஒரு கண் வாங்கிய கதை

இந்த ஊரில் ஒரு வண்டி ரிவர்ஸ் எடுத்தால் அதன் பின்னால் யாரும் வந்து நிற்பதில்லை. கனடாவுக்கு வந்த புதிதில் என்னைத் திகைக்க வைத்தவற்றில் பனிக்கு இரண்டாம் இடம்தான், முதலிடம் இதற்கு. நம் சிவகாசியில் ஒரு லாரி பின்னால் நகர்ந்தால் போதும், எங்கிருந்தோ நாலு பேர் முளைத்துவிடுவார்கள். டீ குடித்துக்கொண்டிருந்தவர் கிளாஸோடு வருவார். பஸ்ஸுக்கு நின்றவர் பஸ்ஸை விட்டுவிட்டு வருவார். அந்த லாரிக்கும் அவர்களுக்கும் ஒரு சம்பந்தமும் இருக்காது. ஆளுக்கொரு பக்கம் நின்று, "வரட்டும், வரட்டும், கிளீனர் சைடு ஒடி, போதும் போதும்" என்று தொண்டை கிழியக் கத்தி, லாரியை உள்ளே அனுப்பிவிட்டுத்தான் தங்கள் சோலியைப் பார்க்கப் போவார்கள். இங்கே ஒன்டாரியோவில் ஒரு சின்ன ஊரின் நடுரோட்டில், இருபத்துநாலு அடி ட்ரெய்லரோடு நான் குறுக்கே மாட்டிக்கொண்டு விழித்தபோது இரண்டு பக்கமும் ஏழெட்டுக் கார்கள் நின்றன. ஒருவரும் ஹாரன் அடிக்கவில்லை. ஒருவரும் இறங்கவும் இல்லை. கண்ணாடிக்குள்ளிருந்து எல்லோரும் அன்பாகப் புன்னகைத்தார்கள். அந்தப் புன்னகைக்கு நம் ஊர்க்காரன் திட்டுகிற திட்டே மேல் என்று இருந்தது எனக்கு.

இவ்வளவு பெரிய ட்ரெய்லர் எனக்கு எதற்கு என்று கேட்பீர்கள். வாரநாட்களில் நான் அட்டைப்பெட்டி அச்சடிக்கும் பிரஸ் ஒன்றில் மெஷின் ஓட்டுகிறேன். சிவகாசிக்காரன் வேறென்ன செய்வான்? சனிக்கிழமைகளில் நானும் என் மனைவி மாரீஸ்வரியும் இங்குள்ள விவசாயிகள் சந்தையில் விருதுநகர் எண்ணெய்ப் பரோட்டா போடுகிறோம். அடுப்பு, கல், தண்ணீர்த் தொட்டி எல்லாம் உள்ளேயே பொருத்திய ட்ரெய்லர். அதைப் பிக்கப் வண்டியில் பூட்டி இழுத்துப் போவது ஒன்றும் வித்தையில்லை. பின்னால் தள்ளி நிறுத்துவதில்தான் மனுஷனுக்கு உயிர் போகிறது. ட்ரெய்லர் என்பது வீம்பு பிடித்த சம்பந்தி மாதிரி. நாம் ஸ்டியரிங்கை இடப்பக்கம் ஒடித்தால் அதன் வால் வலப்பக்கம் போகும். சந்தையில் எங்களுக்குக் கொடுத்த இடமோ ஒரு தேன் கடைக்கும் சோப்புக் கடைக்கும் நடுவே, இரண்டு பக்கமும் முழங்கை அளவு மிச்சம் வைத்து அளந்து கொடுத்த இடம்.

மாரீஸ்வரி இதற்கெல்லாம் அசரவில்லை. சிவகாசிக்குப் பக்கத்தில் விஸ்வநத்தத்தில் ஒரு பட்டாசுக் கம்பெனியில் பத்து வருஷம் டிஸ்பேட்ச் பார்த்தவள் அவள். லோடு ஏற்ற வரும் லாரி ரோட்டிலிருந்து பின்பக்கமாகவே கேட்டுக்குள் நுழைய வேண்டும். ஒரு பக்கம் கரண்டுக் கம்பம், மறுபக்கம் வாறுகால் என்று நாங்கள் சொல்கிற சாக்கடை. உள்ளே இருப்பது என்ன சரக்கு என்று சொல்ல வேண்டியதில்லை. அங்கே லேசாக உரசினேன் என்ற பேச்சுக்கே இடமில்லை. டிரைவர் எந்த மாநிலத்துக்காரராக இருந்தாலும் அவள் தமிழில்தான் கத்துவாள். லாரியின் உடம்பில் உள்ளங்கையால் ஒரு தட்டு தட்டினால் வா, இரண்டு தட்டு என்றால் நில். நானும் அந்தக் கேட்டில் மாட்டியவன்தான். அப்போது வேலை பார்த்த சிவகாசிப் பிரஸ்ஸிலிருந்து லேபிள் கட்டுகளை லோடு ஆட்டோவில் கொண்டுபோன ஒரு மத்தியானம், கம்பத்துக்கு நாலு விரற்கடை இருக்கும்போது, "நிறுத்துலே! கண்ண எங்கன வச்சிருக்க?" என்று ஒரு குரல் வந்தது. திரும்பிப் பார்த்தேன். கண்ணை எங்கே வைக்க வேண்டும் என்று அன்று தெரிந்துகொண்டேன். கல்யாணத்துக்குப் பிறகு வீட்டில் "வாங்க, சாப்பிட்டீகளா" என்று மரியாதையாகத்தான் பேசுகிறாள். வண்டி பின்னால் போகும்போது மட்டும் மரியாதை பாதியில் இறங்கிக்கொள்ளும்.

சந்தையில் முதல் சனிக்கிழமை. காலை ஆறு மணி. பின்னால் நின்று அவள், "டிரைவர் சைடு வா, டிரைவர் சைடு!" என்றாள். அவளுக்கு டிரைவர் சைடு என்றால் பத்து வருஷமாக வலப்பக்கம். இந்த நாட்டிலோ டிரைவரை இடப்பக்கம் உட்கார வைத்திருக்கிறார்கள். நான் உட்கார்ந்திருந்த பக்கமாகவே ட்ரெய்லரின் வாலைக் கொண்டுபோனேன். தேன் கடையின் கூடாரக் கால் மடங்கி, கூடாரம் ஒரு பக்கமாக மண்டி போட்டது. தேன் கடைக்காரர் ஓடிவந்து என்னிடம், "ஸாரி" என்றார். இடித்தவன் நான், மன்னிப்புக் கேட்பவர் அவர். நானும் ஸாரி என்றேன். இரண்டு பேரும் மாறி மாறி ஸாரி சொல்லிக்கொண்டே கூடாரத்தைத் தூக்கி நிறுத்தினோம்.

அடுத்த சனிக்கிழமை அச்சுப் பிசகாமல் போய் நின்றோம். ஆனால் மாரீஸ்வரியின் சத்தம் சந்தைக்கு எதிரே இருந்த வீடுகளை எழுப்பிவிட்டது. ஒரு பெண்மணி வண்டியை அறைந்து அறைந்து கத்துகிறாள், உள்ளே ஒரு மனிதர் பயந்துபோய் உட்கார்ந்திருக்கிறார் என்று யாரோ சந்தை மேலாளர் லிண்டாவுக்குப் போன் செய்திருந்தார்கள். லிண்டா நல்ல மனுஷி. மாரீஸ்வரியைத் தனியே அழைத்துப் போய், தோளில் கை வைத்து, "நீங்கள் இரண்டு பேரும் சேஃபாக இருக்கிறீர்களா?" என்று கேட்டாள். வண்டியைத்தான் கேட்கிறாள் என்று நினைத்த மாரீஸ்வரி நெஞ்சை நிமிர்த்தி, "சேஃப், சேஃப். டென் இயர்ஸ், நோ ஆக்சிடென்ட். ஹி நாட் லிசன், ஐ ஹிட். டூ டைம்ஸ்!" என்று சொன்னதோடு, எப்படி அடிப்பாள் என்று காற்றில் அறைந்தும் காட்டினாள். லிண்டா மெல்லத் திரும்பி என்னைப் பார்த்தாள். பிறகு என்னையும் தனியே அழைத்துப் போய், இன்னும் மெல்லிய குரலில் அதே கேள்வியைக் கேட்டாள். அவளுக்கு லாரி, கேட்டு, கம்பம், வாறுகால் எல்லாவற்றையும் விளக்கி முடிப்பதற்குள் பரோட்டா மாவு புளித்துவிடும் போலிருந்தது.

கடைசியில் லிண்டா சொன்னது இதுதான்: இனிக் கத்தக் கூடாது, தட்டக் கூடாது, ட்ரெய்லருக்குக் கேமரா மாட்ட வேண்டும். மூன்று வாரம் கழித்து அவளே வந்து பார்ப்பாள். அன்றைக்கு யார் கடையையாவது தொட்டால் எங்கள் இடம் வேறு ஆளுக்குப் போய்விடும்.

வீட்டு வாசலில் இறங்கும்போது மாரீஸ்வரி சொன்னாள், "இந்த எடமும் போச்சுன்னா நான் சீசனுக்கு ஊருக்குப் போயிருவேங்க. அங்கன எனக்கு ஒரு கேட்டு இருக்கு. என் பேச்சுக்கு அம்புட்டு லாரியும் நிக்கும். இங்கன சத்தமாப் பேசக்கூட எடமில்ல." கோபத்தில் சொல்லியிருந்தால் நான் பயந்திருக்க மாட்டேன். நிதானமாகச் சொன்னாள். அவள் போனில் விமான டிக்கெட் தேடிக்கொண்டிருந்ததை அதற்கு முந்தின நாளே பார்த்திருந்தேன். சீசன் என்று போகிறவள் தீபாவளி முடிந்ததும் திரும்பி வருவாள் என்பதற்கு என்ன உத்தரவாதம்?

ஆகவே கேமரா வாங்கக் கிளம்பினோம். ட்ரெய்லருக்கென்று உலகத்தில் இத்தனை கேமராக்கள் இருக்கும் என்று நான் கனவிலும் நினைத்ததில்லை. ட்ரெய்லர் சாமான் விற்கும் கடைக்காரர் ஒவ்வொன்றாக மாட்டிப் பார்க்கக் கொடுத்தார். ஞாயிற்றுக்கிழமை எங்கள் பிரஸ்ஸின் காலி மைதானத்தில் அவரையும் வைத்துக்கொண்டு பரீட்சை. பரீட்சை வைத்தவள் மாரீஸ்வரி. பரோட்டாவுக்கு வைத்திருந்த முட்டைகளில் ஒன்றை எடுத்து ட்ரெய்லருக்குப் பின்னால் தரையில் வைத்துவிட்டு, "ஒரு சாண் தள்ளி நிக்கணும். முட்ட தப்பிச்சா கேமரா பாஸ்" என்று தள்ளி நின்று கைகட்டிக்கொண்டாள்.

முதலாவது, வயரே இல்லாதது. காந்தம் வைத்து ஒட்டிவிட்டால் வேலை முடிந்தது. ஆனால் அந்தப் படம் இரும்பு அடுப்பையும் தண்ணீர்த் தொட்டியையும் தாண்டி என்னிடம் வந்து சேர வேண்டுமே. வழியில் எங்கோ நின்று இளைப்பாறியிருக்கும் போலிருக்கிறது. திரையில் முட்டை முழுசாக இருந்தது. தரையில் ஆம்லெட் ஆகியிருந்தது. இரண்டாவது, நாலு பக்கமும் நாலு கேமரா வைத்து, வானத்திலிருந்து பார்ப்பதுபோல் ஒரே படமாக ஒட்டிக் காட்டுவது. நேராகப் போகும்வரை எனக்கு ராஜா மாதிரி இருந்தது. வண்டியும் ட்ரெய்லரும் மடங்கித் திரும்பியதும் ஒட்டு விட்டுப்போய் பாதி ட்ரெய்லரைக் காணோம். இரண்டு முட்டை போயிற்று. "மேலேருந்து பாத்து என்ன பிரயோசனம்? இடிக்கிறது கீழல்ல!" என்றாள் மாரீஸ்வரி.

மூன்றாவது, பழைய பாணி. தடித்த கேபிள் ட்ரெய்லரின் அடிவயிறு நெடுக ஓடி முன்னால் வண்டியில் செருகிக்கொள்ளும். ஏழு அங்குலத் திரை. பச்சை, மஞ்சள், சிவப்புக் கோடுகள். இதில் முட்டை தப்பித்தது. ஆனால் சந்தையில் பக்கவாட்டில் நிற்கும் கூடாரக் கால் மட்டும் இதில் தெரியாது. அதற்கு இன்னும் இரண்டு கேமரா மாட்டலாம் என்றார் கடைக்காரர். மாட்டலாம்தான். எப்படியும் ஒரு மூலை விட்டுப்போகும் என்று எனக்குப் பட்டது. அப்போது அவர் போகிற போக்கில், "இதில் ஒரு மைக் கூட இருக்கிறது. யாரும் பயன்படுத்துவதில்லை, அணைத்துவிடலாம்" என்றார்.

மைக் என்ற சொல் காதில் விழுந்ததும் மாரீஸ்வரி நிமிர்ந்தாள். விறுவிறுவென்று பின்னால் போய்க் கேமராவுக்குப் பக்கத்தில் நின்று ஏதோ முணுமுணுத்தாள். வண்டிக்குள் என் காதோரம் அது தெளிவாக விழுந்தது. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவள் என் காதில் ரகசியம் பேசியது அன்றுதான். பேசிய ரகசியம், "ஏலே, ஒடிலே." கடைக்காரரிடம் இதையே வாங்கிக்கொள்கிறோம் என்று சொன்னேன். அடுத்த இரண்டு சனிக்கிழமையும் அவள் ட்ரெய்லரின் பின்பக்கத்தோடு குசுகுசுவென்று பேசி என்னை உள்ளே கொண்டுவந்தாள். பரோட்டா போடும் முன் நாங்கள் வண்டிக்கு ஏதோ ஜெபம் செய்கிறோம் என்று சோப்புக் கடைக்காரி நம்பினாள். நாங்கள் மறுக்கவில்லை.

மூன்றாவது வாரம் லிண்டா அட்டையும் பேனாவுமாக வந்து நின்றாள். நான் ரிவர்ஸ் கியரைப் போட்டேன். திரையில் மாரீஸ்வரி தெரிந்தாள். "வரட்டும்... வரட்டும்" என்று அவள் குரல் காதில் வந்தது. பாதி தூரம் போனதும் அவள் இடுப்பிலிருந்து போனை எடுத்ததைப் பார்த்தேன். இந்த நேரத்தில் எவன் போனில் என்று பல்லைக் கடித்துக்கொண்டு பிரேக்கில் காலை வைத்தேன். அதற்குள், "வரட்டும், வரட்டும்" என்று மறுபடி கேட்டது. சரி, பேச்சு முடிந்துவிட்டது என்று காலை எடுத்தேன். "இன்னும் வரட்டும்... தாராளமா வரட்டும்ணே" என்றாள்.

அண்ணே!

கட்டின பெண்டாட்டி வாயில் அண்ணே என்று கேட்டால் எந்தப் புருஷனுக்கும் கால் தானாகப் பிரேக்குக்குப் போகும். போயிற்று. ட்ரெய்லர் குலுங்கி நின்றது. கதவைத் திறந்து எட்டிப் பார்த்தேன். தேன் கடையின் கூடாரக் காலுக்கும் எங்கள் ட்ரெய்லருக்கும் நடுவே மூன்று விரல் போகும். தேன் கடைக்காரர் ஸாரி சொல்லத் தயாராக வாயைத் திறந்து வைத்திருந்தார்.

உற்றுப் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. திரையில் பாதி திரும்பி நின்ற மாரீஸ்வரி, அவள் கையில் போன், போனுக்குள் ஒரு லாரி. விஸ்வநத்தத்தில் அப்போது மத்தியானம் மூன்றரை மணி. கம்பெனியின் வாட்ச்மேன் கணேசண்ணன், உள்ளே போன் கூடாது என்பதால் கேட்டுக்கு வெளியே நின்று வீடியோவில் கூப்பிட்டிருக்கிறார். புதிதாக வந்த நீள லாரி ஒன்று கம்பத்துக்கும் வாறுகாலுக்கும் நடுவே மாட்டிக்கொண்டிருக்கிறது. சீசன் லோடு. அதை எடுக்க அங்கே ஒருவருக்கும் துணிச்சல் இல்லை. இவள் இங்கிருந்து சொல்லச் சொல்ல அவர் டிரைவரிடம் கத்திக்கொண்டிருந்தார். இவள் தன் பின்னால் இன்னொரு வண்டி வந்துகொண்டிருப்பதையே மறந்துபோனாள்.

லிண்டா என் ஜன்னலுக்கு வந்தாள். ஏன் நிறுத்திவிட்டாய் என்று கேட்டாள்.

"ஒரு நிமிஷம். லாரி உள்ளே போகட்டும்" என்றேன்.

அவள் சந்தையைச் சுற்றிப் பார்த்தாள். "எந்த லாரி?"

திரையைக் காட்டினேன். லிண்டா தலையை உள்ளே விட்டுப் பார்த்தாள். கட்டைவிரல் அளவு லாரி, கம்பத்தை ஒட்டி ஊர்ந்தது. "கிளீனர் சைடு ஒரு கை, ஒரு கைதான்ணே... ம்... நேரா..." மாரீஸ்வரியின் உள்ளங்கை எழுந்தது. "போதும்!" லாரி நின்றது. லிண்டா அடக்கிவைத்திருந்த மூச்சை விட்டாள். அங்கே யாரோ கைதட்டினார்கள்.

கணேசண்ணன் குரல் கேட்டது. "நல்லா இருப்ப தாயி! சீசனுக்கு நேர்லயே வந்துரு. மொதலாளி தெனமும் உன்னையத்தான் கேக்குறாரு."

நான் திரையின் சத்தத்தைக் கூட்டி வைத்தேன்.

மாரீஸ்வரி போனை முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோனாள். பிறகு சொன்னாள், "நேர்ல எங்கண்ணே? இங்கன மாவு பெசஞ்சு வச்சிருக்கேன், சனம் வந்துரும். சிக்கலான லாரி வந்தா இப்பிடியே போனப் போடுங்க. சொல்றேன். ஆனா கேட்ட வேற ஆளுகிட்டயே குடுத்திருங்க." கடைசி வார்த்தையில் குரல் லேசாகப் பிசிறியது. அந்த மைக் சத்தியமாக நல்ல மைக்.

பிறகு திரும்பிக் கேமராவை நேராகப் பார்த்தாள்.

"கேட்டுச்சுல்ல? பெறகென்ன, ஒடி."

அவள் என்ன சொல்கிறாள் என்று லிண்டா என்னிடம் கேட்டாள். "உள்ளே வரச் சொல்கிறாள்" என்றேன். திரையில் அவள் இடது கைப் போனில் விஸ்வநத்தத்துக் கேட்டு இன்னும் அணையாமல் ஒளிர்ந்துகொண்டிருந்தது. வலது கையால் என்னைக் கூப்பிட்டாள்.