எட்டு மணிக் கையெழுத்து

உர்சுலாவை நாங்கள் மிஸி என்றுதான் கூப்பிடுவோம். பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே வரிசை வீடுகளில் பாதிப் பிள்ளைகள் அவர் கையில் பிறந்தவை. அரசாங்க மருத்துவச்சி. புருஷன் செத்தபின் இரண்டு பெண்களை அந்தச் சம்பளத்தில்தான் வளர்த்தார்.

1931இல் ரப்பர் விலை விழுந்து எங்கும் ஆட்குறைப்பு. மிஸியின் ஆபிசில் யார் ஒழுங்காக வேலை செய்கிறார்கள் என்று அளக்கப் புறப்பட்டார்கள். எதை வைத்து அளந்தார்கள் தெரியுமா? காலை எட்டு மணிக் கையெழுத்தை வைத்து. எட்டு அடித்ததும் பெரிய கிராணி, அதாவது தலைமைக் குமாஸ்தா, சீவரத்தினம் வருகைப் பதிவேட்டில் சிவப்புக் கோடு இழுத்துவிடுவார். எட்டுக்கு வந்து பத்துக்குக் குறட்டை விடுகிறவர் நல்ல ஊழியர். விடிய விடியப் பிரசவம் பார்த்துவிட்டு ஒன்பதுக்கு வரும் மிஸி சோம்பேறி. என்ன நியாயம் இது? நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வயிறு எரிகிறது.

“பிள்ளை பொறக்கிற நேரத்த நானா வைக்கிறேன், சார்?” என்று மிஸி கேட்டாராம்.

“அது எனக்குத் தெரியாதோ? ஆனால் துரைமார் மணியைத்தான் பாக்கினம். இன்னொருக்கா பிந்தினால் உங்கட பேரைத்தான் வெட்ட வேண்டி வரும்,” என்றாராம் சீவரத்தினம்.

அடுத்த மாதம் என் பக்கத்து வீட்டு சீதாலெட்சுமிக்கு வலி கண்டது. மிஸி விடியுமுன்பே வந்துவிட்டார். ஏழரை ஆனதும் அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. வயிற்றைத் தொட்டுப் பார்ப்பார், கடிகாரத்தைப் பார்ப்பார்.

“தலைச்சன்தானே, இன்னும் நேரம் இருக்கு. கையெழுத்துப் போட்டுட்டு ஓடி வந்திடுறேன். கூடவே இருங்க அக்கா,” என்று என்னிடம் சொல்லிவிட்டு ரிக்‌ஷா ஏறிப் போனார்.

அவர் திரும்புமுன் பிள்ளை வந்துவிட்டது, கழுத்தில் கொடி சுற்றிக்கொண்டு. எனக்கு அதை எடுக்கத் தெரியவில்லை. மிஸி வந்து வாயோடு வாய் வைத்து ஊதினார், முதுகைத் தட்டினார். பிள்ளை அழவே இல்லை.

மாதக் கடைசியில் சீவரத்தினம் மிஸியைக் கூப்பிட்டு, ஒருநாள்கூடப் பிந்தவில்லை, துரை மெச்சினார், இனி வேலைக்குப் பயமில்லை என்றாராம். மெச்சினாராம். அந்தத் துரையை சீதாலெட்சுமியின் வீட்டு வாசலில் கொண்டுவந்து நிறுத்தியிருக்க வேண்டும்.

மறுநாள் கடைசி வீட்டில் பழனியப்பன் பெண்சாதிக்கு வலி. நானும் துணைக்கு நின்றேன். எட்டு மணி ஆகப் போகிறது. மிஸி எழுந்திருக்கவில்லை.

“மிஸி, ஆபிசு,” என்றேன்.

“தண்ணி கொதிச்சிருச்சான்னு பாருங்க அக்கா,” என்றார்.

பெண் பிள்ளை. தெருமுனை வரை கேட்டது அதன் அழுகை. அந்த வாரமே மிஸியை வேலையிலிருந்து நிறுத்தினார்கள், கடமையில் அக்கறை இல்லாதவர் என்று எழுதி.