சோலையம்மாள் உரக்கச் சொன்ன விலை

உங்கள் உடம்பில் ஒரு குறை இருக்கிறது என்பதற்கு எப்போதாவது சாட்சி கொண்டுபோய் நிறுத்தியிருக்கிறீர்களா? பல் வலித்தால் பல் வைத்தியரிடம் போகிறீர்கள். குடல்வால் வீங்கினால் சர்க்கார் ஆஸ்பத்திரியில் காலணா வாங்காமல் அறுத்து எடுக்கிறார்கள். வலிக்கிறது என்று நீங்கள் சொன்னால் போதும், நம்புகிறார்கள். கொடைக்கானல் மேல்மலையில் இருக்கும் பூண்டியில் பூண்டுத் தரகு பார்க்கும் சோலையம்மாளை நம்ப நான்கு வருஷம் ஆயிற்று. அந்த நான்கு வருஷத்தில் அவர் அழுத நாட்களைவிடச் சிரித்த நாட்கள் அதிகம். அழுத கதையை எழுத ஆயிரம் பேர் இருக்கிறார்கள். நான் மற்றதை எழுதுகிறேன்.

பெற்றவர்கள் வைத்த பெயர் சோலை. ஆண்பிள்ளை என்று நினைத்து வைத்தது. 'அம்மாள்' என்பதை அவராகவே சேர்த்துக்கொண்டார், இருபத்தேழாவது வயதில், 1959 தை மாதம். அன்று காலை அவர் சேலை கட்டிக்கொண்டு அடுப்படிக்கு வந்தபோது தாயார் இருளாயி ஏற இறங்கப் பார்த்தாராம். பிறகு சொன்னது இதுதான்:

"இத முன்னாடியே சொல்லித் தொலைச்சிருந்தா, ஒங்கக்கா சேலையெல்லாம் பாத்திரக்காரன்ட்டப் போட்டிருக்க மாட்டேன்ல?"

வீட்டு விசாரணை அத்தோடு முடிந்தது. ஊர் விசாரணை ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் தொடங்கியது.

கொடைக்கானல் சந்தையில் பூண்டு விற்கும் முறையைச் சொல்ல வேண்டும். மேல்மலையிலிருந்து மட்டக்குதிரைகளில் மூட்டை வந்து இறங்கும். விவசாயி ஓரமாகக் குந்தியிருப்பார். அவருடைய தரகரும் வாங்குகிற வியாபாரியும் கைகளின் மேல் ஒரு துண்டைப் போட்டுக்கொள்வார்கள். துண்டுக்குள் விரலைப் பிடித்து விலை பேசுவார்கள். முழுக்கையைப் பிடித்தால் இத்தனை, இரண்டு விரலைப் பிடித்தால் இத்தனை என்று ஒரு கணக்கு. வெளியே இருவர் முகமும் கல்லாக இருக்கும். பேரம் படிந்ததும் தரகர் விவசாயியிடம் போய் ஒரு விலை சொல்வார். துண்டுக்குள் படிந்த விலையும் தரகர் வாயில் வந்த விலையும் ஒன்றுதானா என்று துண்டுக்குத்தான் தெரியும். இதற்குப் பெயர் மரபு. திருட்டுக்கு வயதாகிவிட்டால் நம் நாட்டில் அந்தப் பெயரைத்தான் வைக்கிறார்கள்.

சோலையம்மாளும் பத்து வருஷமாகத் துண்டுக்குள் கை விட்டவர்தான். அந்த ஞாயிற்றுக்கிழமை, சேலையோடு, வழக்கம்போல ஒலியுல்லா மண்டிக்குப் போய்த் துண்டை விரித்தார். ஒலியுல்லா பெரிய வியாபாரி. பேச்சில் மூர்க்கம், தராசில் நேர்மை. நீட்டிய கையைப் பார்த்தார். சேலையைப் பார்த்தார். சட்டென்று தன் கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"என்ன பாய்? வெல பேசலையா?"

"எப்படிம்மா பேசுறது? பொம்பள கையத் துண்டுக்குள்ள புடிச்சேன்னு தெரிஞ்சா எம் பொஞ்சாதி ராத்திரி சோறு போடுவாளா?"

சுற்றி நின்றவர்கள் கொல்லென்று சிரித்தார்கள். ஒலியுல்லா சிரிக்கவில்லை. அவர் கேலி பேசவில்லை. சேலை கட்டி வந்தவரிடம் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று தனக்குத் தெரிந்த மரியாதைப்படி நடந்துகொண்டார்.

சோலையம்மாளுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. ஒரு மனிதர், அத்தனை பேர் முன்னால், தன்னைப் பெண் என்று சொல்லிவிட்டார்! பூண்டிக்குப் போகும் வழியெல்லாம் குதிரைக்காரனிடம் அதையே சொல்லிக்கொண்டு போனார். ஏழாவது தடவை குதிரைக்காரன் கேட்டான்: "எல்லாஞ் சரிக்கா, தரகு எவ்வளவு கெடச்சுது?"

அப்போதுதான் உறைத்தது. கையைத் தொட மாட்டார்கள் என்றால் பேரம் இல்லை. பேரம் இல்லை என்றால் தரகு இல்லை.

அந்தத் தரகு அவருக்கு ஏன் தேவை என்பதும் அதே மண்டியில் தொடங்கியதுதான். கொடைக்கானல் வெள்ளைக்காரப் பள்ளிக்கூடங்களிலிருந்து பழைய ஆங்கிலப் பத்திரிகைகள் எடைக்கு வரும். கடைகளில் பொட்டலம் கட்ட உதவும். ஒலியுல்லாவின் மகள் ஆமினா கான்வென்டில் பத்தாவது முடித்தவள். பொட்டலமாவதற்குள் எல்லாவற்றையும் படித்துவிடுவாள். ஒருநாள் ஒரு தாளை நீவி விரித்து, சோலையம்மாளுக்குப் படித்துச் சொன்னாள். கடல் கடந்த ஏதோ ஒரு தேசத்தில் பட்டாளத்துக்காரர் ஒருவருக்கு டாக்டர்கள் அறுவை செய்து, மருந்து கொடுத்து, பெண்ணாக வீட்டுக்கு அனுப்பியிருக்கிறார்கள். படம்கூட இருந்தது. கம்பளிக் கோட்டு, உதட்டுச் சாயம், சிரித்த முகம்.

சோலையம்மாளுக்குத் தெரிந்த வழி வேறு. சமவெளியில் ஒரு வீடு, ஒரு கத்தி, ஒரு வேண்டுதல். பிழைத்தால் அம்மன் அருள். செத்தால் அம்மன் சித்தம். எப்படி முடிந்தாலும் கத்தி பிடித்தவர் பொறுப்பில்லை. அவருடைய தோழி நாச்சியம்மாள் அப்படிப் போய்த் திரும்பி வரவில்லை. "அம்மனுக்கு வேற சோலி இல்லையா?" என்று சோலையம்மாள் கேட்பார்.

ஆகவே ஆமினா டாக்டர்களுக்குக் கடிதம் எழுதினாள். ஐந்து கடிதம். ஒருவர் பதில் போடவில்லை. ஒருவர் பழனிக்குப் போய் மொட்டை போடச் சொன்னார். அவர் வெளிநாட்டில் படித்துவந்தவர். ஒருவர் கல்யாணம் செய்துகொண்டால் சரியாகிவிடும் என்றார். ஒருவர் மட்டும் நாணயமாகப் பயந்தார்: சட்டப் புத்தகத்தில் அது கொடுங்காயம், நான் ஜெயிலுக்குப் போக வேண்டியிருக்கும் என்று எழுதினார். ஐந்தாவது கடிதம் மதுரையில் சிறிய ஆஸ்பத்திரி வைத்திருந்த டாக்டர் சுவாமிநாதனுக்குப் போயிற்று. பட்டாளத்தில் அறுவை செய்து பழகியவர். அவருடைய பதில் ஒரு கார்டில் அடங்கியது.

"நோயாளியின் நன்மைக்காக, அவர் சம்மதத்தோடு, நல்லெண்ணத்தோடு செய்யும் சிகிச்சை குற்றமாகாது என்றும் அதே சட்டப் புத்தகத்தில் எழுதியிருக்கிறது. நண்பர் அந்தப் பக்கத்தைப் புரட்டவில்லை போலும். நேரில் வரட்டும். சோதனை, பேச்சு, சில மாதம் மாத்திரை. அதன்பின் அறுவை. படுக்கை, மருந்து எல்லாம் சேர்த்து அறுநூறு ரூபாய் ஆகும்."

அறுநூறு! பூண்டிக் காட்டில் களையெடுக்கும் பெண்ணுக்கு நாள்கூலி முக்கால் ரூபாய். அதே வேலைக்கு ஆணுக்கு ஒன்றரை. தரகு இல்லாத நாளில் களையெடுக்கப் போன சோலையம்மாள், சேலை கட்டியதும் கூலி பாதியானது ஏன் என்று தோட்டக்காரரிடம் கேட்டார். "பொம்பளைக்கு அதான் கூலி" என்றார் அவர். ஆஸ்பத்திரிக்குத் தெரியாத விஷயம் கூலி கொடுக்கிறவனுக்கு ஒரே நாளில் தெரிந்துவிட்டதைக் கவனியுங்கள்.

மூன்று சந்தை சும்மா போயிற்று. நான்காவது சந்தையில் சோலையம்மாள் துண்டைக் கொண்டுவரவே இல்லை. ஒலியுல்லா மண்டிக்கு முன்னால் இடுப்பில் கை வைத்து நின்று, மலை எதிரொலிக்கும் குரலில் கூவினார்:

"பாய்! வேலப்பன் பூண்டு, மணங்கு பதினெட்டு ரூவா! கையத் தொட வேணாம், வாயத் தொறந்து சொல்லுங்க!"

"ஏம்மா, மெதுவாம்மா! வெலய இப்படியா ஊரக் கூட்டிச் சொல்றது?"

"நான் பொம்பளங்க. எனக்கு ரகசியம் தங்காதுன்னு நீங்கதான சொல்லுவீங்க?"

ஒலியுல்லா தாடியைச் சொறிந்தார். "பதினாறு."

"பதினேழரை!"

"பதினேழு. அதுக்கு மேல கேட்டா நான் கடைய மூடிட்டு மிட்டாய் விக்கப் போறேன்."

பதினேழுக்குப் படிந்தது. ஓரமாகக் குந்தியிருந்த வேலப்பன் எழுந்து நின்றார். பேத்துப்பாறைக்காரரான மாயன் என்ற தரகரிடம் ஆறு வருஷம் பூண்டு கொடுத்துவிட்டு, அந்த வாரம்தான் முதல்முறையாகச் சோலையம்மாளிடம் மூட்டையை ஒப்படைத்தவர் அவர்.

"பதினேழா? போன வாரம் மாயன் எனக்குப் பதிமூணுதான தந்தான்? ஏலே மாயா! இங்க வாலே, ஒரு சோலி இருக்கு!"

மாயன் வரவில்லை. அடுத்த வாரம் வேலப்பனோடு இன்னும் நான்கு பேர் சோலையம்மாளிடம் மூட்டையைக் கொண்டுவந்தார்கள். அடுத்த வருஷம் பூண்டியில் பாதிப்பேர். விலை எல்லோர் காதிலும் விழுந்ததால் சண்டை குறைந்தது. ஒலியுல்லாவுக்கு மூட்டை கூடியது. ஆனாலும் "தொண்டை கிழியுது, இந்தப் பொம்பளையால எனக்குத் தண்டச் செலவு" என்று சபித்துக்கொண்டே தேன் குடித்தார். மதுரைக்குப் பஸ் கட்டணம் போக, மாத்திரைக்குப் போக, தகர டப்பாவில் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்தது.

துண்டுக்காரர்கள் சும்மா இருப்பார்களா? 1962 மாசியில் மாயன் தலைமையில் ஏழெட்டுத் தரகர்கள் சந்தைப் பஞ்சாயத்தைக் கூட்டினார்கள். அறுநூறில் நூற்று நாற்பது ரூபாய் பாக்கி இருந்த நேரம். அந்த ஒரு பருவம் கைவிட்டுப் போனால் அடுத்த வருஷத்துக்கு டாக்டர் கொடுத்திருந்த தேதியும் போய்விடும்.

மாயன் பேசினார்: "இங்க பாருங்க, அது ஆம்பள. நாம எல்லாரும் அது அரைக்கால் டவுசர் போட்டுத் திரிஞ்சதப் பாத்தவங்கதான். ஆம்பளன்னா துண்டுக்குள்ள கைய விட்டு முறையா வெல பேசட்டும். மாட்டேன்னா சந்தைய விட்டுப் போகட்டும். பாய், நீங்க கைய நீட்டுங்க, இப்பவே பாத்துருவோம்."

எல்லோரும் ஒலியுல்லாவைப் பார்த்தார்கள். யாரோ ஒருவர் துண்டைக் கொண்டுவந்து அவர் கையில் போட்டார். சோலையம்மாள் அசையாமல் நின்றார்.

ஒலியுல்லா துண்டையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் சீர்திருத்தக்காரர் அல்லர். ஒரு புத்தகமும் படித்தவர் அல்லர். கணக்குத் தெரிந்தவர். இப்போது கையை நீட்டினால் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டார். சோலையம்மாளை ஆண் என்று ஒப்புக்கொண்டால், மூன்று வருஷமாக ஒரு ஆணுக்குப் பயந்து கையை முதுகுக்குப் பின்னால் கட்டிய முட்டாள் ஒலியுல்லா. பெண் என்று வைத்துக்கொண்டே கையைப் பிடித்தாலோ, சந்தை நடுவே ஊரான் வீட்டுப் பெண்ணின் கையைப் பிடித்த யோக்கியன் ஒலியுல்லா. இரண்டுக்கும் மண்டியில் ஆள் வராது. வீட்டில் சோறும் வராது.

துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"மாயா, மூணு வருசமா நான் தொடாத கை அது. எம் மரியாதைய வெலைக்குக் கேக்குறியா? அவ பொம்பளதான். நான் சொல்றேன். சந்தேகம் இருக்கவன் எங்கிட்டப் பூண்டு விக்க வேணாம்."

வேலப்பன் பின்னாலிருந்து கத்தினார்: "இனிமே எம் பூண்டு வெலய யாரு பேசுனாலும் சத்தமாத்தான் பேசணும். ஆம்பளையா இருந்தாலுஞ் சரி, பொம்பளையா இருந்தாலுஞ் சரி!"

பஞ்சாயத்து கலைந்தது. ஒரு மனிதரின் கௌரவ பயம் ஒருமுறையேனும் நியாயத்தின் பக்கம் வந்து விழுந்தது. அதற்காக நான் அந்தப் பயத்தைப் பாராட்டப் போவதில்லை. விளைச்சலை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

1963 பங்குனியில் சோலையம்மாள் மதுரைக்குப் போனார். கூட இருளாயி, ஆமினா, "மண்டிய யாரு பாக்குறது" என்று புலம்பிக்கொண்டே ஒலியுல்லா. ஆஸ்பத்திரி எழுத்தர் பேனாவைக் கையில் எடுத்து, வைத்து, மறுபடி எடுத்தார்.

"ஆண் வார்டா, பெண் வார்டா?"

"பொம்பள வார்டு" என்றார்கள் நான்கு பேரும்.

"தகப்பனோ புருஷனோ அண்ணன் தம்பியோ, ஆம்பள ஒருத்தர் கையெழுத்து வேணும்."

தகப்பன் இல்லை. இருளாயி ஒலியுல்லாவைப் பார்த்தார். ஒலியுல்லா கூரையைப் பார்த்தார். பிறகு பேனாவைப் பிடுங்கி, உறவுமுறை என்ற இடத்தில் அண்ணன் என்று எழுதினார்.

"சோலையம்மாளுக்கு ஒலியுல்லா அண்ணனா?" என்றார் எழுத்தர்.

"ஆமா. மலையில குளுரு ஜாஸ்தி. அப்படித்தான் பொறப்போம். வெரசா ரசீதப் போடுங்க!"

அறுவை நன்றாக முடிந்தது. கண் விழித்ததும் சோலையம்மாள் கேட்ட முதல் கேள்வி: "இன்னைக்குச் சந்தையில பூண்டு என்ன வெல?" மூன்றாம் வாரம் டாக்டர் சுவாமிநாதன் கட்டிலருகே குனிந்து, மருந்துச் செலவு கொஞ்சம் கூடிவிட்டது என்று தணிந்த குரலில் ஆரம்பித்தார்.

"டாக்டர், சத்தமாச் சொல்லுங்க. மெதுவாச் சொன்னா வெல ஏறும்" என்றார் சோலையம்மாள்.

வார்டு முழுவதும் திரும்பிப் பார்த்தது. டாக்டர் காது சிவந்து, "அறுநூறே போதும்" என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொல்லிவிட்டுப் போனார்.

மலைக்குத் திரும்பிய சோலையம்மாளுக்கு இன்று, 1968இல், முப்பத்தாறு வயது. தரகு நன்றாக நடக்கிறது. செய்தி எப்படியோ பரவி, திண்டுக்கல்லிலிருந்தும் தேனியிலிருந்தும் அவரைப் போன்றவர்கள் பஸ் ஏறி வந்து, எங்கே போனீர்கள், எவ்வளவு ஆயிற்று, எந்த டாக்டர் என்று கேட்கிறார்கள். டாக்டர் சுவாமிநாதனுக்குப் போன ஆடியிலிருந்து கை நடுங்குகிறது, கத்தியை வைத்துவிட்டார். சோலையம்மாளுக்குத் தெரிந்த டாக்டர் அவர் ஒருவர்தான். வந்தவர்களுக்குச் சோறு போட்டு, "அந்தக் கத்திக்கு மட்டும் போயிராதீங்க, பொறுங்க" என்று சொல்லி அனுப்புகிறார். எத்தனை நாள் பொறுப்பார்கள்? குடல்வாலுக்கு இலவசம், இவர்களுக்கு நான்கு வருஷப் பூண்டு. அந்த விலையைக் கொடுக்கத் தயாராக இருந்தாலும் வாங்கிக்கொள்ள ஆள் இல்லை.

ஆகவே ஒரு வேலை செய்யுங்கள். நாளை உங்கள் ஊர் டாக்டரிடம் போய், இப்படி ஒருவர் வந்தால் பார்ப்பீர்களா என்று கேளுங்கள். பக்கத்தில் ஆள் இருக்கிறதே என்று குரலைத் தாழ்த்தாதீர்கள். பார்ப்பேன் என்று ஒரே ஒருவர் சொன்னாலும், அவர் பெயரையும் ஊரையும் கட்டணத்தையும் ஒரு கார்டில் எழுதி, 'சோலையம்மாள், பூண்டுத் தரகர், ஒலியுல்லா மண்டி, கொடைக்கானல்' என்ற விலாசத்துக்குப் போடுங்கள். வருகிற கார்டுகளைப் படித்துக் காட்ட ஆமினா இருக்கிறாள்.