பல்லிக்குள் இருந்த ஆள்

இரண்டு வருடம் நான் பல்லியாக இருந்தேன். காலை பத்து மணிக்குத் தலையை மாட்டினால் மாலை ஆறுக்குத்தான் கழற்றுவேன். நடுவில் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் மனிதன்.

காஞ்சிபுரத்திலிருந்து தாமல் போகும் வழியில், நெடுஞ்சாலை ஓரம் ஒரு பொழுதுபோக்குப் பூங்கா திறந்தார்கள். ராட்டினம், தண்ணீர்ச் சறுக்கு, செயற்கை அலை எல்லாம் உண்டு. கூடவே குழந்தைகளுக்குக் கை கொடுக்க ஒரு பொம்மை வேஷமும் வேண்டுமாம். பெங்களூரிலிருந்து வந்த வடிவமைப்பாளர்கள் காஞ்சிபுரம் என்றால் என்ன என்று கம்ப்யூட்டரில் தேடியிருக்கிறார்கள். பட்டுப்புடவைக்குக் கைகால் வைக்க முடியாது. கோயிலின் தங்கப் பல்லி கண்ணில் பட்டிருக்கிறது. உடனே பெரிய கண்ணும் சிரித்த வாயுமாக, மஞ்சள் நிறத்தில் ஒரு பல்லியை வரைந்துவிட்டார்கள்.

அதற்கு முன் நான் பட்டுப்புடவைக் கடை ஒன்றுக்கு ஆள் பிடித்துக்கொண்டிருந்தேன். வெளியூர்க் கார் கோயில் பக்கம் திரும்பியதும் ஓடிப்போய்க் கண்ணாடியைத் தட்டி, "வாங்க சார், சும்மா பாருங்க, வாங்கணும்னு இல்ல" என்று கடைக்கு அழைத்துப் போகும் வேலை. என்னைக் கண்டதும் கண்ணாடியை ஏற்றிவிடுவார்கள். பத்து வருடம் அப்படி ஏறுகிற கண்ணாடிகளைப் பார்த்தே காலம் போனது. சில பெண்கள் நகையைக்கூடத் தொட்டுப் பார்த்துக்கொள்வார்கள். நான் திருடன் இல்லை என்று எத்தனை பேரிடம் சொல்வது?

பூங்கா மேனேஜருக்கு என்னுடைய இந்தப் பழைய தொழில் ரொம்பவே பிடித்துப்போனது. "இங்கயும் அதே வேலதாம்பா" என்றார். "கொழந்த கைய புடி, அப்படியே நடந்து வந்து ஸ்டோர் வாசல்ல வுடு. மீதிய கொழந்த பாத்துக்கும்."

ஸ்டோர் முழுக்கப் பல்லிதான். பல்லி பொம்மை, பல்லி தொப்பி, பல்லி சாவிக்கொத்து, பல்லி படம் போட்ட தண்ணீர் பாட்டில். முதல் வாரத்தில் மேனேஜரிடம் ஒன்று கேட்டேன். இந்தப் பல்லி நல்லதா, குறும்பா? இதற்கு என்ன பிடிக்கும்? குழந்தைகள் கேட்டால் ஸ்டோர் பெண்ணாவது பதில் சொல்ல வேண்டாமா? அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "அதுக்கு கதையெல்லாம் கெடையாது. இது விக்கறதுக்கு செஞ்ச கேரக்டர். நீ ஓவரா யோசிக்காத" என்றார். சினிமாவில் வந்த பொம்மை என்றால் ஒரு கதை இருக்கும். எங்கள் பல்லி விலைச்சீட்டோடு பிறந்தது.

ஆனால் விற்கவில்லை. பெங்களூர்க்காரர்களுக்கு அது ஏன் என்று கடைசிவரை புரியவில்லை. அந்தப் பொம்மையின் காலில் காந்தம் வைத்து, குழந்தையின் தோளில் உட்காரும்படி செய்திருந்தார்கள். எங்கள் ஊரில் எவள் தன் பிள்ளையின் தோளில் பல்லியை உட்காரவைப்பாள்? வீட்டுக்கு வீடு கேலண்டர் அட்டையின் பின்பக்கத்தில் பல்லி விழும் பலன் அச்சடித்துத் தொங்குகிறது. எந்த இடத்தில் விழுந்தால் என்ன நடக்கும் என்று தலை முதல் பாதம் வரை பட்டியல். குழந்தை ஆசையாகத் தோளில் வைத்துக்கொண்டு வரும். தாய் அலறிக்கொண்டு தட்டிவிடுவாள். பொம்மை சிரித்தபடி தரையில் கிடக்கும். நான் குனிந்து எடுத்து அலமாரியில் வைப்பேன். பல்லியே பல்லியை எடுத்து வைக்கிறது என்று ஸ்டோர் பெண் சிரிப்பாள்.

பிறகு ஒரு நாள் கோயிலுக்கு வந்த பஸ் ஒன்று அப்படியே பூங்காவுக்கும் வந்தது. வரிசையில் நின்ற பெண் ஒருத்தி என் வாலைத் தொட்டு, அந்தக் கையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். பின்னால் வந்தவர்களும் அப்படியே செய்தார்கள். கோயிலில் படி ஏறி, கூரையில் இருக்கும் தங்கப் பல்லியையும் வெள்ளிப் பல்லியையும் தொட்டால் பல்லி விழுந்த தோஷம் போய்விடும் என்பது நம்பிக்கை. அந்தக் கை பழக்கத்தில் இங்கேயும் நீண்டுவிட்டது. மேனேஜர் மாடியிலிருந்து பார்த்துவிட்டார். அடுத்த வாரமே எனக்கு நாலு படி வைத்த மர மேடை வந்தது. மேடையிலிருந்து இறங்கும் வழி நேராக ஸ்டோருக்குள் போனது. தொட்ட பல்லியை வீட்டுக்கும் எடுத்துப் போங்கள் என்று பலகை வைத்தார்கள். தோஷம் போக்கும் பல்லி என்றதும் பொம்மை பறந்தது. எனக்கு அருவருப்பாகத்தான் இருந்தது. ஆனாலும் மேடையில் ஏறி நின்றேன்.

இந்தச் சமயத்தில்தான் என் மனைவி மூன்றாவது முறையாகக் கருவுற்றாள். முதல் இரண்டும் தங்கவில்லை. ஆரம்பத்தில் என் வேஷத்தைப் பார்த்துச் சிரித்தவள்தான் அவள். என் பல்லி போட்டோவைப் போனில் எல்லாருக்கும் காட்டியவள். நாலாம் மாதம் பிறந்ததும் அவள் சிரிப்பு நின்றுவிட்டது. ஒரு காலையில் கேலண்டர் அட்டையைக் கழற்றி என் முன்னால் வைத்தாள்.

"தலையில வுழுந்தா இன்னா போட்டிருக்குதுன்னு படிங்க" என்றாள்.

படித்தேன். நல்லதாக ஒன்றும் போட்டிருக்கவில்லை.

"ஒரு தபா வுழுந்தாலே இப்படி. நீங்க நாள் பூரா தலை மேல தூக்கி வெச்சிக்கினு திரியறீங்க."

"அது துணியும் பஞ்சும்மா" என்று சிரித்தேன்.

அவள் சிரிக்கவில்லை. என் கையைப் பிடித்துத் தன் வயிற்றின் மேல் வைத்தாள். "இது மேல சத்தியமா இனிமே போட மாட்டேன்னு சொல்லுங்க."

சொன்னேன். எனக்குப் பல்லி தோஷத்தில் நம்பிக்கை கிடையாது, அன்றும் இன்றும். ஆனால் சத்தியம் வேறு சங்கதி. அது நான் வாயைத் திறந்து சொன்னது.

அன்றே மேனேஜரிடம் வேலை மாற்றிக் கேட்கத்தான் போனேன். அன்று ஒரு நாள் மட்டும் என்று மாட்டிய வேஷத்தோடு அவர் அறை வாசலில் நின்றேன். எங்கிருந்தோ ஒரு சின்னப் பெண் ஓடிவந்து என் காலைக் கட்டிக்கொண்டாள். விடவே இல்லை. கேட்காமல் திரும்பிவிட்டேன். இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் உண்மை இதுதான். எனக்கு அந்த வேஷம் பிடித்திருந்தது. பத்து வருடம் என்னைக் கண்டு கண்ணாடி ஏற்றிய அதே ஜனங்கள் இப்போது என்னை நோக்கி ஓடிவந்தார்கள். தலையைக் கழற்றினால் மறுபடி நான் கண்ணாடிக்கு வெளியே நிற்கிற ஆள். வீட்டில் டிக்கெட் கவுன்டருக்கு மாற்றிவிட்டார்கள் என்று சொன்னேன். அவள் நிம்மதியாகத் தூங்க ஆரம்பித்தாள். அந்தத் தூக்கத்தைப் பார்த்து நான் செய்தது சரி என்றுகூட நினைத்துக்கொண்டேன். எவ்வளவு கேவலம்.

ஏழாம் மாதம் வளைகாப்பு முடிந்த பிறகு, பூங்காவில் ஊழியர் குடும்பங்களுக்கு ஒரு நாள் இலவச அனுமதி கொடுத்தார்கள். வரவேண்டாம் என்று சொன்னால் சந்தேகம் வரும். அன்று எனக்குப் பின்பக்க பார்க்கிங்கில் வேலை, சாப்பாட்டு நேரத்தில் பார்க்கலாம் என்று சொல்லிவைத்தேன். எப்படியும் பல்லி பக்கம் அவள் வரமாட்டாள் என்பது என் கணக்கு.

வேஷத்தின் வாயில் ஒரு வலை உண்டு. அதன் வழியாகத்தான் பார்க்க வேண்டும். எதிரில் நிற்பவரின் நெஞ்சு முதல் முழங்கால் வரைதான் தெரியும். அன்று வரிசையில் கண்ணாடி வளையல் சத்தம் கேட்டது. பிறகு வயிறு தெரிந்தது. பிறகு அந்தப் பச்சைப் புடவை. அதை நானே வாங்கிக் கொடுத்திருந்தேன்.

அவள் படி ஏறி என் கையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். எல்லாரும் வாலைத் தொடுவார்கள். இவள் கையைத் தொட்டாள். அவள் வாய் என் காதருகே இருந்திருக்க வேண்டும். மெதுவாகச் சொன்னது தெளிவாகவே கேட்டது.

"கோயில்ல போய் தொட்டுட்டு வந்துட்டேன். ஆனா எங்க வூட்டுக்காரரு போட்டுக்கினு திரிஞ்சது உன்னத்தானே. அதான் உன்கிட்டயும் ஒரு வார்த்த சொல்லலாம்னு வந்தேன். அவருக்கு எதுவும் தெரியாது, வெள்ளந்தி. இப்ப போட்டுக்கறது இல்ல, சத்தியம் பண்ணிட்டாரு. இந்த ஒண்ண மட்டும் எங்களுக்கு வுட்டுடு."

பல்லி பேசக் கூடாது என்பது பூங்காவின் சட்டம். அதனால்தான் பேசவில்லை என்று சொல்லிக்கொள்ளலாம். சட்டம் இல்லாவிட்டாலும் பேசியிருக்க மாட்டேன். என் கை மட்டும் தன்பாட்டுக்கு அவள் கையைப் பிடித்தது. இரண்டு வருடப் பழக்கம். பிடித்து நடத்திக்கொண்டு போய் ஸ்டோர் வாசலில் விட்டது. வீட்டுக்குள் பல்லிப் படம்கூட வரக் கூடாது என்றிருந்தவள், அன்று ஒரு பல்லி பொம்மை வாங்கினாள்.

மதியம் வேஷத்தைக் கழற்றிவிட்டு, வியர்வையில் தலை நனைந்து அவள் முன்னால் போய் நின்றேன். "பார்க்கிங்ல அவ்ளோ வெயிலா?" என்று கேட்டு முந்தானையால் என் முகத்தைத் துடைத்துவிட்டாள். பொம்மை அவள் பையிலிருந்து தலையை நீட்டிச் சிரித்துக்கொண்டிருந்தது. வீட்டில் அதைச் சாமி படங்களுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

எட்டாம் மாதத்தில் ஒரு நாள் குழந்தையின் அசைவு நின்றுபோனது. ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். தொப்புள்கொடி கழுத்தில் சுற்றிக்கொண்டது, யார் மேலும் தப்பு இல்லை என்று டாக்டரம்மா பொறுமையாக விளக்கினார். தலையாட்டினேன். எனக்கு அறிவு இருக்கிறது, விளங்குகிறது. ஆனால் என் உள்ளங்கையை அவள் வயிற்றின் மேல் வைத்த அந்தக் காலை இருக்கிறதே, அதற்கு எந்த டாக்டரிடம் விளக்கம் கேட்பது?

அவள் என்னை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நானும் உடைந்து எல்லாவற்றையும் கொட்டியிருப்பேன். அவள் தன்னைத்தான் நொந்துகொண்டாள். கோயிலுக்கே இன்னொரு முறை போயிருக்க வேண்டும், கூட்டத்தில் அவசரமாகத் தொட்டுவிட்டேன், சரியாகக் கேட்கவில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து அதையெல்லாம் கேட்டேன்.

அதற்குள் தோஷம் போக்கும் பல்லிக்கும் மவுசு குறைந்துவிட்டது. மேலிடத்தில் புதிதாக முயல் ஒன்றை வரைந்து அனுப்பினார்கள். முயலுக்கும் கதை கிடையாது. அதற்குள் வேறொரு ஆள் போனான். என்னை டிக்கெட் கவுன்டரில் உட்காரவைத்தார்கள். வீட்டில் சொன்ன பொய் இப்படியாக உண்மையாயிற்று.

போன மாதம் ஒரு காலையில் அவள் துணிப்பை ஒன்றை என் கையில் கொடுத்தாள். உள்ளே அந்தப் பொம்மை.

"இத குப்பையில போட மனசு வரல. அங்கயே குடுத்துடுங்க" என்றாள். "அன்னைக்கு உள்ள இருந்தாரே ஒருத்தரு, அவர பாத்தா ஒண்ணு கேளுங்க. நான் சொன்னது அவரு காதுல வுழுந்துச்சான்னு."

"அது எதுக்கு இப்ப?"

"ஒருத்தராவது கேட்டாங்களான்னு தெரியணும். அவ்ளோதான்."

பையைக் கவுன்டருக்குக் கீழே வைத்துக்கொண்டு நாள் முழுக்க டிக்கெட் கிழித்தேன். கண்ணாடியில் ஓர் ஓட்டை; அதன் வழியாகக் கைகள் வந்து போயின. இன்று சொல்லிவிடுகிறேன் என்று மதியம் முடிவு செய்தேன். மாலையில் பஸ் ஏறும்போதும் அந்த முடிவு இருந்தது.

வாசலில் செருப்பைக் கழற்றுவதற்குள் அவள் வந்துவிட்டாள். "கேட்டீங்களா?"

"கேட்டேன்" என்றேன். "வுழுந்துச்சாம்."

அவள் தரையைப் பார்த்தபடி சொன்னாள்: "பாவம், அந்த ஆளு. நல்லபடியா பொறந்துடுச்சுன்னு சொல்லியிருக்கக் கூடாதா அவருகிட்ட? கேட்டதுல இருந்து அவருக்கு மனசு எவ்ளோ கஷ்டமா இருந்துச்சோ."

நான் கால் கழுவக் கொல்லைப்புறம் போனேன். சோறு ஆறுகிறது என்று அவள் இரண்டு முறை கூப்பிட்டாள்.