கைப்பிடி இல்லாத எடை

ஐம்பத்து நான்கு வயதில் டம்பெல் வாங்கக் கிளம்பும் பெண்ணை யாரும் நம்புவதில்லை. நானே நம்பவில்லை. ஆனால் ஒரு செவ்வாய்க்கிழமை காலை என் கணவர் குளியலறை வாசலில் சரிந்து விழுந்தார். பக்கவாதம் வந்து இடது கையும் காலும் தளர்ந்ததிலிருந்து அவர் சுவரைப் பிடித்துக்கொண்டுதான் நடப்பார். அன்று தரை ஈரமாக இருந்தது. அடி ஒன்றும் படவில்லை, ஆனால் கிடந்தவரை என்னால் தூக்க முடியவில்லை. அக்குளில் கை கொடுத்து இழுத்தேன், பின்னால் போய்த் தள்ளினேன், மூச்சு வாங்கியதுதான் மிச்சம். கடைசியில் கீழே ஓடி எங்கள் குடியிருப்பின் வாட்ச்மேனையும், அவரோடு டீ குடித்துக்கொண்டிருந்த எதிர்வீட்டு டிரைவரையும் கூட்டிவந்தேன். "பயப்படாத சார், நாங்க கீறோம்" என்று சொல்லி ஆளுக்கொரு பக்கம் பிடித்து அவரைக் கட்டிலில் உட்காரவைத்தார்கள். அவர் இடுப்பில் ஓர் ஈரத்துண்டு மட்டும்தான் இருந்தது.

அன்று முழுக்க அவர் சுவர்ப்பக்கம் திரும்பியே படுத்திருந்தார். சாயங்காலம் காபியைக் கொண்டுபோய் வைத்தபோது, "இனிமே விழுந்தா யாரையும் கூப்பிடாதே. உன்னால தூக்க முடிஞ்சா தூக்கு. இல்லேன்னா அப்படியே கிடக்கறேன்" என்றார்.

அவருடைய அண்ணன் வேறு, வீட்டோடு ஓர் ஆளைப் போட்டுவிடலாம் என்று போனில் நச்சரித்துக்கொண்டிருந்தார். முன்பின் தெரியாத ஒருவன் தன்னைக் குளிப்பாட்டுவதை நினைத்தாலே இவருக்குச் சோறு இறங்காது. எனக்குக் கோபம் வந்தது. அண்ணன் மேலா, இவர் மேலா, எதற்கும் உதவாத என் கைகள் மேலா என்று தெரியவில்லை.

வாரம் இரண்டு முறை வரும் பிசியோதெரபிப் பெண்ணிடம் கேட்டேன். "முடியும் ஆன்ட்டி. சார் வலது காலை ஊன்றுவார், மீதியை நீங்க தாங்கினா போதும். ஆனா உங்களுக்குத் தொடையிலயும் முதுகிலயும் பலம் வேணும். வெயிட்ஸ் வாங்கி வீட்டுலயே பண்ணுங்க" என்றாள். எந்த வெயிட்ஸ் என்று நான் கேட்பதற்குள் செருப்பை மாட்டிக்கொண்டு அடுத்த வீட்டுக்குக் கிளம்பிவிட்டாள்.

பெருங்குடியில் என் அலுவலகத்தில் விசாரித்தேன். காரணத்தைச் சொல்லவில்லை. கெட்டில்பெல் ஒன்று போதும் என்றான் ஒருவன். படத்தைக் காட்டினான், கைப்பிடி வைத்த தேங்காய் மாதிரி இருந்தது. அதெல்லாம் தோளைக் கெடுத்துவிடும், ரப்பர் பட்டைதான் நல்லது என்றாள் பக்கத்துச் சீட்டுப் பெண். மூன்றாவது ஆள், இரண்டு முனையிலும் எடை மாட்டிய நீளக் கம்பி, அதாவது பார்பெல் இல்லாமல் எதுவுமே ஆகாது, அதைத் தாங்க ஒரு ரேக்கும் பெஞ்சும் வேண்டும் என்றார். எங்கள் ராஜா அண்ணாமலைபுரத்து வீட்டு ஹாலை மனதுக்குள் அளந்து பார்த்தேன். ரேக் உள்ளே வந்தால் சோபா வெளியே போகவேண்டும். சரி, யூடியூபிடமே கேட்கலாம் என்றால், தூக்கும்போது மூச்சை அடக்கு என்கிறார் ஒருவர், வெளியே விடு என்கிறார் இன்னொருவர். பஸ்ஸில் அதைப் பார்த்துக்கொண்டே வந்து, இறங்கவேண்டிய இடத்தை விட்டுவிட்டு நந்தனத்தில் போய் இறங்கினேன்.

கடைக்குப் போகச் சனிக்கிழமைதான் தோது. எனக்கு ஆபீஸ் இல்லை; மற்ற நாட்களில் சாயங்காலம்வரை அவரோடு இருக்கும் சமையல்கார அம்மா அன்று மத்தியானம்வரை இருப்பார், ஞாயிறு வரமாட்டார். புடவை மாற்றிக்கொண்டு வந்தால் இவர், "சனிக்கிழமை இரும்பு வாங்கக் கூடாது. பார்த்துட்டு மட்டும் வா" என்கிறார். ஜாதகம் பார்க்காமல் என்னைக் கட்டிக்கொண்ட மனுஷர். இந்தச் சாஸ்திரமெல்லாம் எப்போது வந்து ஒட்டிக்கொண்டது என்று புரியவில்லை. சண்டை போட நேரமில்லை, சரி என்று கிளம்பினேன்.

தி.நகரில் ஒரு சந்துக்குள், துணிக்கடைக்கு மேல் மாடியில் இருந்தது அந்தக் கடை. கடைக்காரர் எனக்குப் பின்னால் யாராவது வருகிறார்களா என்று எட்டிப்பார்த்தார்.

"இன்னா மேடம், பையனுக்கா?"

"எனக்கு."

"ஒடம்பு எளைக்கணுமா?"

"இல்லை."

"அப்ப டோனிங், ஒடம்பு சிக்குனு ஆவணும்" என்று அவரே முடிவுகட்டி, ரோஸ் நிறத்தில் ஒரு ஜோடி டம்பெல்லைக் கொண்டுவந்து நீட்டினார். மார்க்கெட்டிலிருந்து நான் கொண்டுவரும் பை இதைவிடக் கனம். இன்னும் கனமாக வேண்டும் என்றேன். எவ்வளவு என்றார்.

"அறுபத்தெட்டு கிலோ."

"யார் தூக்கப் போறாங்க?" என்று சிரித்தார்.

அந்தச் சிரிப்பு எனக்குப் பொறுக்கவில்லை. "நான்தான். என் வீட்டுக்காரர் விழுந்தா நான் ஒருத்தியே தூக்கணும். அதுக்கு உங்க கடையில என்ன இருக்கு, சொல்லுங்க" என்றேன். அவர் சிரிப்பை நிறுத்திவிட்டு ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டார். "அதுக்குன்னு தனியா ஒண்ணும் வர்றதில்லயே மேடம். நீங்களே பாருங்க, எது தோதோ எடுத்துக்குங்க" என்றார்.

சுற்றிப் பார்த்தேன். பார்பெல்லின் கம்பி கைக்கு அடக்கமாக, சில்லென்று இருந்தது. டம்பெல்லும் அப்படித்தான், கெட்டில்பெல்லும் அப்படித்தான். எல்லாவற்றுக்கும் பிடி இருந்தது. என் கணவருக்கு இல்லை. அவர் நழுவுவார், சரிவார், வலித்தால் முகத்தைச் சுளிப்பார். கம்பியைத் தூக்கிப் பழகினால் கம்பியைத்தானே தூக்க வரும் என்று ஒரு பக்கம் தோன்றியது. இத்தனை பேர் சொல்கிறார்களே, எனக்கு என்ன தெரியும் என்று இன்னொரு பக்கமும் தோன்றியது. அப்போதுதான் மூலையில் கறுப்புக் கான்வாஸில், தலையணையைவிடப் பெரிதாக, உப்பிப்போய்க் கிடந்த ஒன்றைப் பார்த்தேன்.

"அது என்ன?"

"சாண்ட்பேக். கட்டிப்புடிச்சித் தூக்கறது. யாரும் கேக்கறதில்ல, அதான் ஓரமா கீது."

கணவருக்குப் போன் செய்தேன். உள்ளே என்ன இருக்கும் என்று கேட்டார். மணல் என்றேன். "மணல்னா வாங்கலாம்" என்றார்.

கடைக்காரர் அட்டைப்பெட்டி ஒன்றைக் கொடுத்தார். அதை இடுக்கிக்கொண்டு படியிறங்கினேன், ஆட்டோவில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். அது ஏன் இத்தனை லேசாக இருக்கிறது என்று எனக்குத் தோன்றவே இல்லை. வீட்டில் பிரித்தால் உள்ளே வெறும் பை. கடைக்குப் போன் செய்தால், "மணல் நீங்கதான் போட்டுக்கணும் மேடம். நான் சொல்லலியா?" என்றார்.

என் கணவர் சிரித்தார். அந்தச் செவ்வாய்க்கிழமைக்குப் பிறகு அன்றுதான் சிரித்தார். "அப்ப நீ வாங்கிண்டு வந்தது துணி" என்றார்.

தெருவில் வீடு கட்டும் இடத்தில் சொல்லி வாட்ச்மேன் அரை மூட்டை மணல் கொண்டுவந்து போட்டார். அதைப் பையில் நிரப்பும் வேலையை இவர் எடுத்துக்கொண்டார். நாற்காலியில் உட்கார்ந்து, பழைய டம்ளரில் வலது கையாலேயே அள்ளி அள்ளிப் போட்டார். எவ்வளவு போடவேண்டும் என்று முடிவு செய்வதும் அவர்தான். பிசியோதெரபிப் பெண் எப்படிக் குந்துவது, எப்படி அணைப்பது, முதுகை எப்படி வைப்பது என்று காட்டிக்கொடுத்தாள். தினமும் காலையில் அந்தப் பையைக் கட்டிப்பிடித்து எழுந்தேன், உட்கார்ந்தேன். முழங்கையின் உட்புறம் சிவந்துபோனது. பை தரையில் இறங்கும் சத்தத்தைக் கேட்டு, மாவு இடிக்கிறீர்களா என்று கீழ்வீட்டில் கேட்டார்கள். வாராவாரம் இவர் மணலைக் கூட்ட, பை கனமாகிக்கொண்டே போனது. நான் பலமாகிறேனா, இல்லை பைதான் எனக்குப் பழகிவிட்டதா என்று கடைசிவரை பிடிபடவில்லை. அண்ணனின் போன் வரும்போதெல்லாம் இவர், "பார்க்கலாம்" என்று மட்டும் சொல்லி வைத்துவிடுவார்.

மழைக்காலத்தில் ஒரு காலை, கட்டிலுக்கும் பீரோவுக்கும் நடுவில் மறுபடியும் விழுந்தார். என் கை தானாகவே போனை எடுத்து வாட்ச்மேனின் எண்ணைத் தேடியது. இவர் தரையிலிருந்து என்னைப் பார்த்தார். போனைக் கட்டில்மேல் போட்டுவிட்டேன்.

முதலில் நிமிர்த்தி உட்காரவைத்தேன். குளியலறை முக்காலியைக் கொண்டுவந்து, அதில் ஏற்றினேன். அதற்கே வியர்த்துவிட்டது. அவருடைய வலது காலை ஊன்றச் சொல்லி, எதிரே குந்தி, அக்குளுக்குக் கீழே கை கொடுத்து, மார்போடு மார்பாக அணைத்துக்கொண்டேன். பை எனக்கு உதவி செய்ததே இல்லை, கிடந்த கிடைதான். இவரோ உந்தினார். எந்த எடை என்னுடையது, எது அவருடையது என்று தெரியாமலே இருவரும் எழுந்து நின்றுவிட்டோம்.

இத்தனை வருஷத்தில் நாங்கள் அப்படி நின்றதே இல்லை. எங்கள் குடும்பங்களில் அதெல்லாம் வழக்கமில்லை. ரயில் ஏற்றிவிடப் போனால்கூட ஜன்னலுக்கு வெளியே நின்று கையைத்தான் ஆட்டுவோம்.

கட்டில் அவருக்குப் பின்னாலேயே இருந்தது. "உட்காருங்க" என்றேன்.

"கொஞ்சம் இரு" என்றார்.

தலை சுற்றுகிறதா என்று கேட்டேன். இல்லை என்று அவர் தலை என் தோளில் அசைந்தது. கால் வலிக்கிறதா என்றேன். அதற்கும் இல்லை. அவருடைய வலது கை என் முதுகில் இருந்தது. விழாமல் பிடித்துக்கொள்ள அவ்வளவு இறுக்கம் வேண்டாம். எனக்குக் கை கடுக்க ஆரம்பித்தது. விடுவதா, பிடித்துக்கொள்வதா என்று தெரியாமல் நான் அப்படியே நின்றேன்.