பொட்டு வைத்த டிஸ்க்

ராஜபாளையத்து மில் ஒன்றின் கேமரா பதிவுகள் நான்கு டிஸ்க் உள்ள ஒரு பெட்டியில் இருந்தன. அதைப் பார்த்துக்கொள்வது என் வேலை. நான்கில் ஒன்று செத்தால் மற்ற மூன்றும் தாங்கும். இரண்டாவதும் போனால் எல்லாம் போச்சு.

அன்று காலை ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து பைக்கில் போய் இறங்கியபோது பெட்டி விடாமல் கத்திக்கொண்டிருந்தது. ஒரு டிஸ்க் செத்திருந்தது. பதிவை ஓட்டினால் திணறி நின்றது. முந்தின நாள்தான் அங்கே ஒரு தொழிலாளியின் மண்டை உடைந்திருந்தது. மதுரை ஆஸ்பத்திரியில் நினைவில்லாமல் கிடந்தார். அடித்தது சூப்பர்வைசர் என்று ஊரே சொன்னது. அவரோ, "குடிச்சிட்டு வந்து படியில விழுந்தான்" என்று சாதித்தார். போலீஸ் பதிவைக் கேட்டிருந்தது. அடிபட்டவரின் மனைவி மில்லில் பெட்டி இருந்த அறையின் வாசலில் தரையில் உட்கார்ந்திருந்தார்.

சூப்பர்வைசர் என் முதுகுக்குப் பின்னால் நின்றார். "ஏலே, எம்புட்டு நேரம் பாத்துக்கிட்டே இருப்ப? செவப்பா எரியுதத புடுங்கிப் போடு."

டிஸ்க்குக்கு ஒன்றாக இருந்த சின்ன விளக்குகள் நான்குமே சிவப்பாகத்தான் எரிந்தன. ஆயுத பூஜையன்று நான்கு விளக்கின் மேலும் குங்குமம் அப்பியிருந்தது. அப்பியவன் நான்தான். பொட்டு வைக்க வேறு இடமா கிடைக்கவில்லை? என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது.

சட்டை நுனியை எச்சிலில் நனைத்துத் துடைத்தேன். முதலாவது பச்சை. இரண்டாவதும் பச்சை. மூன்றாவதுதான் சிவப்பு. அதைத் தொடுவதற்குள் சூப்பர்வைசர் குனிந்து இரண்டாவதன் பிடியில் கை வைத்தார். தெரியாமல் வைத்த கை இல்லை அது. மணிக்கட்டைப் பிடித்து முறுக்கினேன். அவர் என் தலைமுடியைப் பற்றி இரும்பு ரேக்கில் மோதினார். வாயெல்லாம் ரத்தம். கையிலிருந்த ஸ்க்ரூ டிரைவரை அவர் தொடையில் இறக்கினேன். இன்றுவரை அதற்காக நான் வருந்தியதில்லை. அவர் அலறிக்கொண்டே வெளியே நொண்டினார். அந்த அம்மா உள்ளே வந்து கதவைத் தாழிட்டார்.

போலீஸுக்குப் போன் போட்டேன். மூன்றாவது டிஸ்க்கை உருவிப் புதியதைச் செருகினேன். மற்ற மூன்றிலும் இருப்பதை வைத்து, போனதையெல்லாம் பெட்டி அதில் எழுதத் தொடங்கியது. சூப்பர்வைசரின் ஆட்கள் கதவை உதைத்தார்கள். ஒவ்வொரு உதைக்கும் கதவில் சாய்ந்திருந்த அந்த அம்மாவின் உடம்பு குலுங்கியது. போலீஸ் வந்த பிறகுதான் நகர்ந்தார்.

எழுதி முடிய மாலையாகிவிட்டது. பதிவை ஓட்டினேன். அதில் படி எதுவும் இல்லை. சூப்பர்வைசரின் கையில் இரும்புக் குழாய் ஏறி ஏறி இறங்கியது.

"நீங்க பாக்க வேண்டாம்க்கா" என்றேன். அவர் கண்ணை எடுக்கவில்லை. அந்தக் கேமராவில் சத்தம் பதியாது. கீழே கிடந்தவரின் வாய் மட்டும் அசைந்தது.

"அவிய என் பேரச் சொல்லுதாவ" என்றார். "ஒவ்வொரு அடிக்கும் என்னையத்தான் கூப்பிடுதாவ."