நடராஜன் குரல் இருந்த மெமரி கார்டு

"நான் வேண்டாம்னுதான் அழுத்தினேன் மேடம். இருந்தும் அழிஞ்சிருக்குமா?"

பாலக்கரையில் நான் நடத்திவந்த கம்ப்யூட்டர் சர்வீஸ் கடைக்குள் வந்து உட்கார்ந்ததும் லலிதா அம்மா கேட்ட முதல் கேள்வி இது. ஸ்ரீரங்கத்திலிருந்து பஸ் பிடித்து வந்திருந்தார். கையில் ஒரு மாத்திரை டப்பா. அதற்குள் பஞ்சு வைத்து, பஞ்சின் மேல் ஒரு மெமரி கார்டு.

எதை வேண்டாம் என்று அழுத்தினார் என்று கேட்டேன்.

"பக்கத்து வீட்டு லேப்டாப்ல போட்டுப் பார்த்தோம். போட்ட உடனே ஃபார்மட் பண்ணணும்னு ஒரு பெட்டி வந்து நின்னுச்சு. அந்தத் தம்பி பண்ணிடலாம்னாரு. எனக்கு ஃபார்மட்னா என்னன்னு தெரியாது. நாம கேக்காமயே வந்து நிக்கறதுக்கு ஏன் சரின்னு சொல்லணும்? வேண்டாம்னு அழுத்திட்டு கார்டை உருவிட்டேன்."

"நல்ல வேலை பண்ணீங்க. எதுவும் அழிஞ்சிருக்காது" என்றேன்.

இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களுக்காக ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஒரு கார்டை இரண்டு மூன்று பகுதிகளாகப் பிரித்து வைத்திருப்பார்கள். அந்தப் பகுதிதான் பார்ட்டிஷன். லினக்ஸ் முறையில் எழுதிய பார்ட்டிஷன் விண்டோஸ் லேப்டாப்புக்குப் புரியாது. புரியவில்லை என்று சொல்லாது, ஃபார்மட் செய்யவா, அதாவது இருப்பதை அழித்துப் புதிதாக அமைக்கவா என்றுதான் கேட்கும். அப்படிச் சரி என்று அழுத்திவிட்டு என்னிடம் வந்தவர்கள் நிறையப் பேர்.

கார்டில் என்ன இருக்கிறது என்று கேட்டேன். எந்தக் கார்டு வந்தாலும் அதைத் தொடுவதற்கு முன் இதைக் கேட்பது என் வழக்கம். போட்டோ, பாட்டு, கல்யாண வீடியோ என்று பதில் வரும்.

"எங்க வீட்டுக்காரர் குரல் மேடம்" என்றார்.

பேசும் பெட்டி

அவருடைய கணவர் நடராஜன் டவுன் பஸ் கண்டக்டராக இருந்தவர். சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்கும் ஸ்ரீரங்கத்துக்கும் இடையில் அவர் குரலைக் கேட்காதவர்கள் குறைவாக இருந்திருப்பார்கள். ஓய்வு பெற்ற கொஞ்ச காலத்தில் தொண்டையில் புற்றுநோய். ஆபரேஷன் செய்தால் உயிர் தங்கும், குரல் தங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

ஆபரேஷனுக்கு முன்பு இன்ஜினியரிங் காலேஜ் மாணவர்கள் சிலர் வீட்டுக்கு வந்து அவரைப் பேசச் சொல்லிப் பதிவு செய்திருக்கிறார்கள். தண்ணீர் வேண்டும், வலிக்குது, யாரு வந்திருக்கா, ஃபேனைப் போடு என்று தினமும் வீட்டில் சொல்லும் பேச்சுகள். அவற்றை ஒரு சின்ன கம்ப்யூட்டர் போர்டில் ஏற்றி, தொடுதிரையும் ஸ்பீக்கரும் வைத்து, கையில் பிடிக்கிற அளவில் ஒரு பெட்டி செய்து கொடுத்துவிட்டார்கள். திரையில் ஒரு வாக்கியத்தைத் தொட்டால் நடராஜன் குரலிலேயே அது கேட்கும். அந்தப் பெட்டிக்கு உயிர் இந்தக் கார்டு.

"இப்ப என்ன பிரச்சினை?"

"இடம் பத்தல. புதுசா சிலது ஏத்தணும். ஏத்த விடமாட்டேங்குது."

மகள் வழியில் பேரன் பிறந்திருந்தான். பெயர் சூட்டும்போது தாத்தாதான் குழந்தையின் காதில் மூன்று முறை பெயர் சொல்ல வேண்டும் என்று மகளுக்கு ஆசை. ஆபரேஷனுக்கு முன் பதிவான பேச்சில் பிள்ளைக்கு வைக்கிற மாதிரி எந்தப் பெயரும் இல்லை.

"அப்பா வாயால வந்த பேரா எது கெடைக்குதோ அதையே வைக்கறேன்னுட்டா மேடம். மாப்பிள்ளையும் சரின்னுட்டார். இவரோட ரொம்ப வருஷம் ஓடின டிரைவர் ஒருத்தர் இருக்காரு, கதிரேசன் அண்ணன். இவர் அனுப்பின வாய்ஸ் மெசேஜ் ஒண்ணைக்கூட அவர் அழிக்கல. எல்லாத்தையும் பெட்டியில ஏத்திட்டா இவரே கேட்டுப் பார்த்து எடுத்துக்குவாருன்னு நெனச்சோம்."

பெட்டியைச் செய்த மாணவர்கள் படிப்பு முடிந்து ஆளுக்கொரு ஊருக்குப் போய்விட்டார்கள். ஒருவர் மட்டும் போனில் கிடைத்திருக்கிறார். கார்டின் பின்பகுதியில் நிறைய இடம் காலியாக இருக்கிறது, பார்ட்டிஷனை ரீசைஸ் செய்து பெரிதாக்கினால் போதும், சின்ன வேலைதான் என்று சொல்லியிருக்கிறார். அவர் சொன்னதில் தப்பில்லை. கார்டு நல்ல நிலையில் இருந்தால் சின்ன வேலைதான்.

"இதுக்கு வேற காப்பி இருக்கா?"

"இது ஒண்ணுதான்."

பிறகு தயங்கிச் சொன்னார். "சீக்கிரம் பார்த்துக் குடுங்க மேடம். கார்டைக் கழட்டினதுலேருந்து வீடு சத்தமே இல்லாம கெடக்கு."

கார்டு காட்டிய குணம்

வேலைக்கு என் லேப்டாப்பை எடுத்துக்கொண்டேன். கரண்ட் போனாலும் பேட்டரி தாங்கும் என்பதால் இந்த மாதிரி வேலையை டெஸ்க்டாப்பில் செய்யமாட்டேன். கார்டில் எதுவும் எழுதப்படாதபடி, படிக்க மட்டும் திறந்து பார்த்தேன்.

உள்ளே மூன்று பார்ட்டிஷன்கள். முதலாவது, பெட்டி ஸ்டார்ட் ஆவதற்கானது. இரண்டாவது, குரல் பதிவுகள். மூன்றாவது, சிஸ்டம் மொத்தமும். அதற்குப் பின்னால் பாதிக் கார்டு காலி. குரல் பகுதி நடுவில் மாட்டிக்கொண்டிருந்தது. அதைப் பெரிதாக்க வேண்டுமென்றால் சிஸ்டம் பகுதி முழுவதையும் தூக்கிப் பின்னால் நகர்த்த வேண்டும். திரையில் பார்த்தால் ஒரு கட்டத்தை மவுசால் இழுப்பதுதான். ஆனால் கார்டுக்குள் அந்தப் பகுதியில் உள்ள அத்தனையும் படிக்கப்பட்டு வேறு இடத்தில் எழுதப்படுகிறது. நடுவில் நின்றால் பழைய இடத்திலும் முழுதாக இருக்காது, புது இடத்திலும் முழுதாக இருக்காது.

அதனால் முதல் வேலை, கார்டு மொத்தத்துக்கும் ஒரு நகல் எடுப்பது. உள்ளே இருக்கும் ஃபைல்களை மட்டும் காப்பி செய்தால் போதாது. பார்ட்டிஷன் எல்லைகள் உட்பட முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரை அப்படியே ஒரே ஃபைலாக எடுக்க வேண்டும். இமேஜ் எடுப்பது என்போம்.

ஆரம்பத்தில் சீராக ஓடியது. குரல் பகுதிக்குள் போனதும் வேகம் இறங்கி நின்றுவிட்டது. ரீட் எரர். கார்டைத் தொட்டுப் பார்த்தேன், சுட்டது.

லலிதா அம்மா எதிரில் உட்கார்ந்து என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கார்டை வெளியே எடுத்து மேஜையில் வைத்தேன்.

"கார்டுக்கு வயசாயிடுச்சும்மா. சில இடத்தைப் படிக்க முடியல. இதுலயே ரீசைஸ் பண்ணியிருந்தா பாதி வழியில நின்னிருக்கும்."

"மொத்தமா போயிருக்குமா?"

"போயிருக்கலாம். இப்ப போகல. இன்னைக்கு இதை இங்க விட்டுட்டுப் போங்க. கொஞ்சம் கொஞ்சமா எடுத்துப் பார்க்கறேன்."

அவர் மாத்திரை டப்பாவை என் பக்கம் நகர்த்தி வைத்தார். வாசல் வரை போய்த் திரும்பி ஒரு முறை அதைப் பார்த்துவிட்டுப் போனார்.

எரர் வந்த இடத்திலேயே மோதிக்கொண்டிருந்தால் கார்டு மொத்தமாகப் படுத்துவிடும். இதற்கென்று இருக்கும் மென்பொருள் சிரமமான இடங்களைத் தாண்டிப்போய், சுலபமாக வருவதையெல்லாம் முதலில் எடுத்துவிடும். பிறகு விட்ட இடங்களுக்குத் திரும்பி வரும். கார்டை ஆறவிட்டு ஆறவிட்டு அப்படித்தான் எடுத்தேன். கடைசியில் மூன்று இடங்கள் மட்டும் மிச்சம். ஒன்று வெறும் காலி இடம். இன்னொன்று சிஸ்டத்தில் யாரும் திறக்காத உதவிக் குறிப்பு. மூன்றாவது இடம் ஒரு குரல் பதிவின் மேல் விழுந்திருந்தது.

உப்பு

மறுநாள் மூன்று பேராக வந்தார்கள். நடராஜன் கழுத்தில் மெல்லிய வெள்ளைத் துணி கட்டியிருந்தார், கையில் அந்தப் பேசும் பெட்டி. நல்ல உயரம். வலது தோள் மட்டும் கொஞ்சம் இறங்கியிருந்தது, வருஷக்கணக்கில் பை தொங்கிய தோள். கதிரேசன் அவருக்கு முன்னால் வந்து நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"ஒரே ஒரு பதிவுதான் படிக்க வரல" என்றேன். "ஃபைல் பேரைப் பார்த்தா, 'சாம்பார்ல உப்பு பத்தல'ன்னு இருக்கு."

லலிதா அம்மா சிரித்துவிட்டார். "அது போனா போகட்டும் மேடம். ரொம்ப நல்லது."

நடராஜன் போனை எடுத்து மெதுவாக டைப் செய்து என்னிடம் காட்டினார். 'அதுதான் தினம் வேணும்.'

கதிரேசனுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து லலிதா அம்மா என் பக்கம் சாய்ந்து, "கெடைக்குதான்னு இன்னொரு தரம் பாருங்களேன்" என்றார்.

பார்த்தேன். பாதி வந்தது. 'சாம்பார்ல உப்பு' என்பது வரை கேட்டது, அதற்கு மேல் வெறும் அமைதி.

"இது போதும்" என்றார் லலிதா அம்மா. "பத்தலையா, கூடிப்போச்சான்னு நான் கேட்டுக்கறேன். அவர் தலையாட்டட்டும்."

நடராஜன் யோசித்துவிட்டு, சரி என்று தலையாட்டினார்.

பின்னாடி போங்க

புதுக் கார்டு ஒன்றை எடுத்து முதலில் முழுவதும் எழுதி, திரும்பப் படித்துச் சோதித்தேன். மேலே அச்சடித்திருக்கும் அளவு உள்ளே இருக்கும் என்று நான் நம்புவதில்லை. அது தேறியதும் இமேஜை அதில் இறக்கினேன். பழைய கார்டை மாத்திரை டப்பாவில் போட்டு மூடிவிட்டேன். இனி எது கெட்டாலும் நகல்தான் கெடும்.

என்ன செய்கிறேன் என்று கதிரேசன் கேட்டார். நடுப்பகுதியைப் பெரிதாக்கக் கடைசிப் பகுதியை நகர்த்துகிறேன் என்றேன்.

"அப்ப, நடுவுல நிக்கறவனுக்கு எடம் வேணும்னா பின்னாடி நிக்கறவன் இன்னும் பின்னாடி போகணும். அவ்வளவுதானே? இவர் வாழ்நாள் பூரா அதைத்தான் கத்திக்கிட்டிருந்தாரு" என்றார்.

அவ்வளவுதான். வரிசைதான் முக்கியம். நகர்த்துவதற்கு முன் இரண்டு பகுதிகளிலும் ஃபைல் சிஸ்டம், அதாவது ஃபைல்களை அடுக்கி வைத்திருக்கும் அமைப்பு, சரியாக இருக்கிறதா என்று செக் ஓட்டிப் பிழைகளைத் திருத்தினேன். பிறகு சிஸ்டம் பகுதியைப் பின்னால் நகர்த்தினேன். அதன்பின் குரல் பகுதியின் எல்லையை நீட்டினேன். எல்லை நீண்ட பிறகு உள்ளே இருக்கும் ஃபைல் சிஸ்டத்தை அந்த எல்லை வரை வளர்த்தேன். பெரிதாக்கும்போது எல்லை முதலில், ஃபைல் சிஸ்டம் பிறகு. சிறிதாக்கும்போது நேர் எதிர். சிறிதாக்கும்போது இதை மாற்றிச் செய்தால் இருக்கிற டேட்டாவின் குறுக்கே கோடு விழுந்துவிடும்.

கார்டைப் பெட்டியில் போட்டு ஆன் செய்தேன். திரை வந்தது. நடராஜன் அதை வாங்கி, விரலால் தேடி ஒன்றைத் தொட்டார்.

"லலிதா, கெளம்பலாமா?"

கணீரென்ற குரல். தெருவில் போன ஒருவர் திரும்பிப் பார்த்தார். லலிதா அம்மா பையைத் தோளில் மாட்டி எழுந்தேவிட்டார். பிறகு, "இருங்க, இன்னும் மெசேஜ் ஏத்தலையே" என்று உட்கார்ந்தார்.

கதிரேசன் தன் போனை என்னிடம் கொடுத்தார். மெசேஜ்களை ஏற்றிக்கொண்டே பெயர் தேடினோம். டிப்போ நண்பர்கள் பெயர், டீக்கடைக்காரர் பெயர் என்று வந்தாலும் எல்லாம் ஓரிரு முறைதான். திரும்பத் திரும்ப வந்த பெயர் ஒன்றுதான். 'கதிரு, கெளம்பிட்டியா?' 'கதிரு, ரெண்டு டீ சொல்லிட்டேன் வா.'

லலிதா அம்மா நிமிர்ந்து பார்த்தார். "கதிர். நல்லாத்தானே இருக்கு?"

"எம் பேரையா?" என்றார் கதிரேசன். "வேண்டாம்மா. ஊர்ல வேற பேரா இல்ல?"

நடராஜன் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். லலிதா அம்மா மகளுக்குப் போன் போட்டு இரண்டு மெசேஜ்களைக் கேட்க வைத்தார். மகள் இரண்டையும் இன்னொரு முறை போடச் சொல்லிக் கேட்டாள். பிறகு, "அதையே வச்சிடலாம்மா" என்றாள்.

மூன்று தனித்தனிப் பதிவுகளாக வேண்டும் என்று லலிதா அம்மா கேட்டார். ஒன்று, சிரித்துக்கொண்டே கூப்பிட்டது. ஒன்று, அவசரத்தில் கூப்பிட்டது. மூன்றாவதைக் கதிரேசனே எடுத்துக் கொடுத்தார். 'கதிரு... நான் வந்துட்டேன்டா. வாசல்லதான் நிக்கறேன்' என்று தணிந்த குரல்.

"எங்கப்பா தவறின அன்னைக்கு அனுப்பினது" என்றார். "வேற யாருக்கும் நான் போட்டுக் காட்டினதில்ல. இதுல அவர் கூப்பிடறது நல்லா இருக்கும், எடுத்துக்குங்க."

பெயர் சூட்டிய நாள்

ஸ்ரீரங்கத்து வீட்டுக்கு என்னையும் அழைத்திருந்தார்கள். போகும்போது எனக்கு ஒரே கவலை, சத்தம். டவுன் பஸ் குரல் பச்சைக் குழந்தையின் காதில் இறங்கக் கூடாது. அந்த மூன்று பதிவுகளுக்கு மட்டும் வால்யூமைக் குறைத்து வைத்திருந்தேன்.

மகள் குழந்தையை அப்பாவின் மடியில் வைத்தாள். நடராஜன் பெட்டியைக் குழந்தையின் காதருகே கொண்டுபோனார். விரலால் முதல் பதிவைத் தேடினார். தொட்டார்.

"கதிரு."

குழந்தை கையை உதறியது. அடுத்ததைத் தொட்டார். மூன்றாவதில் பெயரோடு நிறுத்தியிருக்க வேண்டும். நான் வெட்டும்போது மனசு வராமல் மிச்சத்தையும் விட்டு வைத்திருந்தேன்.

"கதிரு... நான் வந்துட்டேன்டா. வாசல்லதான் நிக்கறேன்."

குழந்தை முகத்தைப் பெட்டிப் பக்கம் திருப்பியது. நடராஜன் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு அவனைத் தூக்கி மார்போடு அணைத்துக்கொண்டார். கதிரேசன் சட்டைப் பையில் கர்ச்சீப் தேடினார், கிடைக்கவில்லை. லலிதா அம்மா தன் முந்தானையை நீட்டினார்.

இமேஜ் எடுப்பது, செக் ஓட்டுவது, எல்லையை நகர்த்துவது எல்லாம் பழகினால் யாருக்கும் வரும். நான் கற்றுக்கொண்டது வேறு. ஒரு கார்டில் எவ்வளவு இடம் இருக்கிறது என்பதைத் திரையைப் பார்த்தால் தெரியும். அதில் என்ன இருக்கிறது என்பது அதைக் கொண்டுவந்தவருக்குத்தான் தெரியும். முதலில் அவரைக் கேளுங்கள். கேட்டுவிட்டால், நகல் எடுக்காமல் அதில் கை வைக்க உங்களுக்கே மனசு வராது.